பிசையும் கையும் காத்திருக்கும் பானையும்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘லார்டு’, ‘லேடி’ என்னும் இரு சொற்களும் அரண்மனையில் பிறந்தவையல்ல, அடுக்களையில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ரொட்டியைக் காப்பவன் ‘ஹ்லாஃப்வேர்டு’ எனப்பட்டான். ரொட்டி மாவைப் பிசைபவள் ‘ஹ்லாஃப்டிகே’ எனப்பட்டாள். காலம் தேய்த்துத் தேய்த்து முன்னதை ‘லார்டு’ ஆக்கிற்று. பின்னதை ‘லேடி’ ஆக்கிற்று. பட்டமும் பதவியும் அச்சொற்களின் மேல் பின்னர் வந்து ஏறியவை. காப்பது அவன் தொழில், பிசைவது அவள் தொழில் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மொழி வேலையைப் பங்கிட்டு வைத்துவிட்டது. சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர்க்கு இது சுவையான செய்தி. அடுக்களையில் நிற்போர்க்கு அத்துணைச் சுவையானதன்று.

அந்த ‘ஹ்லாஃப்’ என்னும் சொல்லே ‘லோஃப்’ எனத் திரிந்து இன்றும் வாழ்கிறது. அமெரிக்க இல்லங்களில் இரவுணவாகச் சமைக்கப்படும் ‘மீட்லோஃப்’ என்னும் பண்டத்தின் பெயரிலும் அதைக் காணலாம். கொத்திய இறைச்சியை ரொட்டித் தூளோடும் முட்டையோடும் பிசைந்து, ரொட்டியின் வடிவிலேயே திரட்டிச் சமைப்பதால் அப்பெயர் அமைந்தது. தமிழில் அதனை ‘இறைச்சியப்பம்’ எனலாம். அப்பம் என்றவுடன் தேங்காய்ப்பால் நினைவுக்கு வரும் வாசகர் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறைச்சியைக் கொத்தி ரொட்டியோடு சேர்க்கும் வழக்கம் மிகப் பழையது. அபிசியசு என்பவர் பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூலிலேயே, திராட்சை மதுவில் ஊறிய ரொட்டியைக் கொத்திறைச்சியோடு பிசைந்து உருண்டை செய்யும் முறை இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியேறிய செருமானிய உழவர்கள், பன்றி அறுத்தபின் எஞ்சிய துண்டுகளைச் சோளமாவோடு வேகவைத்து, கட்டியாக இறுகச் செய்து, துண்டு போட்டுப் பொரித்து உண்டனர். கையால் சுழற்றி இறைச்சியை அரைக்கும் பொறி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளுக்குள் வந்தபின், கத்தியால் மணிக்கணக்கில் கொத்த வேண்டிய துன்பம் தீர்ந்தது. இறைச்சியப்பம் எல்லார் வீட்டிற்கும் உரியதாயிற்று.

எனினும், அவ்வுணவை அமெரிக்க மக்களின் நெஞ்சோடு பிணைத்தது பொறியன்று, வறுமையே. 1929ஆம் ஆண்டு பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்த பெருமந்தத்தில், 1933ஆம் ஆண்டளவில் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் வேலையிழந்து நின்றார். இருவர்க்குப் போதுமான இறைச்சியை அறுவர்க்குப் பகிர்ந்தளிக்க வேண்டிய நிலையில் இல்லத்தரசிகள் இருந்தனர். காய்ந்துபோன ரொட்டி, ஓட்சு, உப்பு பிஸ்கட்டுத் தூள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்து இறைச்சியைப் பெருக்கினர். பின்னர் உலகப் போர் வந்தது. 1943 மார்ச்சு மாதம் இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. இவ்வாறு ஒரு தலைமுறை முழுவதும் இவ்வுணவை உண்டே வளர்ந்தது. வளர்ந்தபின், பணம் வந்தபின், இதனை அவர்கள் மறந்திருக்கலாம். மறக்கவில்லை. மனம் சோர்ந்த நாளில் அமெரிக்கர் தேடும் உணவுகளின் வரிசையில் இறைச்சியப்பத்துக்கு இன்றும் இடம் உண்டு.

வறுமைக்கால உணவு எவ்வாறு ஆறுதல் தரும் உணவாயிற்று? சுவைதான் காரணம் எனின், அதனினும் சுவையான பண்டங்கள் பல உள. உண்மையான காரணம் அதனை வெட்டும் முறையில் இருக்கிறது போலும். முழுக்கோழி ஒன்றைச் சமைத்தால் கால் யாருக்கு, நெஞ்சுக்கறி யாருக்கு என்னும் வழக்கு எழும். தந்தைக்கு ஒன்று, மூத்த மகனுக்கு ஒன்று, விருந்தினர்க்கு ஒன்று எனப் போனபின் கழுத்தும் முதுகெலும்பும் தாயின் தட்டிற்கு வரும். “எனக்கு இதுதான் பிடிக்கும்” என்று அவளும் சொல்லிக்கொள்வாள். எந்நாட்டுத் தாய் அதைச் சொல்லவில்லை! இறைச்சியப்பத்தில் அந்த வழக்குக்கே இடமில்லை. எலும்பில்லை, நல்ல பகுதி, தீய பகுதி என்னும் வேறுபாடில்லை. ஒரு விரல் பருமனில் வெட்டிய துண்டுகள் அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கும். குழந்தைக்கு உரிய துண்டே தாய்க்கும் உரியது. ஓரத் துண்டு மட்டும் சற்று முறுகலாக இருக்கும். அதற்குப் பிள்ளைகள் போட்டியிடுவர். அப்போட்டியும் இல்லாவிட்டால் அது குடும்பமாகுமா?

இனி, அதனைச் சமைக்கும் கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறைச்சியப்பத்தை வழக்கமாக ஓவன் அடுப்பில் ஒரு மணி நேரம் வரை வேகவைப்பர். ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மென்சூட்டுப் பானை வந்தபின் அதிலும் சமைக்கலாயினர். சீனக்களிமண்ணைப் போன்ற தடித்த மண்கலம் ஒன்று. அதனைச் சூழ்ந்து மின்கம்பிச் சுருள் பொதிந்த உறை. மேலே இறுக்கமான மூடி. சட்டி அடியில் சூடாகி மேலே ஏறுவது போலன்றி, இதில் பக்கங்களிலிருந்து வெப்பம் மெல்லச் சூழ்ந்து வரும். கண்ணுக்குத் தெரியும் வேறு நுட்பம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அதன் பிறப்பில் ஒரு வரலாறு இருக்கிறது; அறிந்துகொள்ளத்தக்க வரலாறு.

அதனை ஆக்கியவர் இர்விங் நாக்சன் என்னும் அமெரிக்க யூதப் பொறியாளர். அவருடைய தாயார் இளமையில் லித்துவேனியாவில் வாழ்ந்தவர். யூதர்க்கு வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்தது முதல் சனிக்கிழமை இருள் சூழும் வரை ஓய்வுநாள். அப்பொழுது அடுப்பில் நெருப்பு மூட்டுதல் ஆகாது. ஆயினும், ஓய்வுநாளில் சூடான உணவு உண்ண வேண்டும் என்னும் விருப்பமும் இருந்தது. ஆகவே அவரை, பார்லி, உருளைக்கிழங்கு, சிறிது இறைச்சி ஆகியவற்றை ஒரு பானையில் இட்டு, வெள்ளி மாலையில் ஊர் ரொட்டிக்கடைக்கு எடுத்துச் செல்வர். ரொட்டி சுட்டு முடித்த சூளையில் எஞ்சிய வெப்பம் மெல்லத் தணிந்துகொண்டே இருக்கும். அவ்வெப்பத்தில் பானை இரவெல்லாம் கிடந்து வேகும். மறுநாள் வழிபாடு முடிந்து வருவோர் பானையைத் திரும்பப் பெற்றுச் செல்வர். ‘சோலண்ட்’ என்பது அவ்வுணவின் பெயர்.

தாயார் கூறிய இக்கதையே மகனின் உள்ளத்தில் பொறியாயிற்று. சூளையின் தணிந்த வெப்பத்தை ஒரு மின்பானைக்குள் அடைக்க முடியுமா என்று அவர் எண்ணினார். 1936இல் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1940இல் அது கிடைத்தது. அவரைக்காய் வகைகளை வேகவைக்கும் கலம் என்னும் பெயரிலேயே அது சந்தைக்கு வந்தது, பெரும்புகழ் பெறவில்லை. அதற்கிடையில் அக்கதை பிறந்த மண் அழிவைக் கண்டது. ‘லித்துவேனியாவின் எருசலேம்’ என்று போற்றப்பெற்ற வில்னா நகரின் யூதக் குடிகளை 1941 முதல் நாசிகள் கொன்று குவித்தனர்; 1943 செப்டம்பரில் அங்கிருந்த யூதச் சேரியும் துடைத்தழிக்கப்பட்டது. லித்துவேனிய யூதருள் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பவில்லை. பானைகளைச் சுமந்து சென்ற தெருக்களில் பானைகளுக்குரியோர் இல்லாமற் போயினர். அவர்களுடைய வெள்ளி மாலைப் பழக்கம் மட்டும் பெயர் மாறி, உருமாறி, கடல் கடந்த நாட்டில் ஒரு சமையற் கருவியாக நிலைத்தது. அக்கருவியை வாங்கியோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

1970ஆம் ஆண்டு ரைவல் என்னும் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கிற்று. மறு ஆண்டே அப்பானை ‘கிராக்பாட்’ என்னும் புதுப்பெயரோடு வெளிவந்தது. அவரைக்கு மட்டுமன்றி, எல்லா உணவுக்கும் ஏற்றது என்று அறிவிக்கப்பட்டது. இம்முறை அமெரிக்க இல்லங்கள் அதனை அள்ளிக்கொண்டன. காலம் மாறியிருந்ததே காரணம். 1970இல் அந்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் உழைப்புச் சந்தையில் இருந்தனர். 1980இல் அவ்வெண் 51ஐத் தாண்டிற்று. காலையில் அலுவலகம் செல்லும் பெண், மாலையில் திரும்பும்போது வீட்டில் உணவு காத்திருக்க வேண்டும். நெருப்பு மூட்டலாகாது என்னும் சமய விதிக்காகப் பிறந்த கலம், நெருப்பருகே நிற்க நேரமில்லாத பெண்ணுக்குத் துணையாயிற்று.

துணை என்பது முழு உண்மையா என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்துப் பணி செய்யும் ஒரு தாயைக் கருதுவோம். மாலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கிறாள். வெங்காயமும் இறைச்சியும் கலந்து வெந்த மணம் அவளை எதிர்கொள்கிறது. பகலெல்லாம் யாரோ அவளுக்காக அடுக்களையில் நின்றது போன்ற உணர்வு. அது பெரிய ஆறுதலே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த யாரோ அவளேதான். மாலை ஐந்து மணி வேலையைக் காலை ஐந்து மணிக்கு அவளே செய்துவிட்டுப் போயிருக்கிறாள். பானை வேலையைக் குறைக்கவில்லை. இடம் மாற்றிக் கொடுத்தது. பிசைவது யார் என்னும் பழைய கேள்வியை அது தொடவேயில்லை. அக்கேள்விக்கு விடை பானையில் இல்லை. அவ்வீட்டில் உள்ள மற்றவர்களின் கைகளில் இருக்கிறது. அவ்வகையில் இறைச்சியப்பத்தைப் போல எளிய உணவு வேறில்லை. கத்தி வேலை மிகக் குறைவு. கொதிக்கும் எண்ணெய் இல்லை. பிசையத் தெரிந்தால் போதும். கணவனும் பிசையலாம், பிள்ளைகளும் பிசையலாம். முதல் நாள் இரவிலேயே பிசைந்து, வடிவம் கொடுத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

செய்முறை வருமாறு. 900 கிராம் கொத்திறைச்சி அறுவர் முதல் எண்மர் வரை உண்ணப் போதும். அமெரிக்கர் பெரும்பாலும் மாட்டிறைச்சியையே கொள்வர். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருப்பது நன்று. மிகவும் மெலிந்த இறைச்சி வெந்தபின் வறண்டுபோகும். ஒரு கோப்பை ரொட்டித் தூளை அரைக் கோப்பைப் பாலில் ஊறவைத்தல் வேண்டும். இதனை வெறும் கஞ்சத்தனத்தின் மிச்சம் என்று எண்ணிவிடலாகாது. இறைச்சியிலுள்ள புரதங்கள் வெப்பம் பட்டதும் ஒன்றோடொன்று இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றும். பாலில் ஊறிய ரொட்டி அவற்றிடையே புகுந்து அவ்விறுக்கத்தைத் தடுக்கிறது. பிழியப்படும் சாற்றையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வறுமைக்காலத்தில் அளவைப் பெருக்கச் சேர்த்த பொருளே மென்மைக்கும் காரணமாயிற்று. இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத் தூள், பூண்டு ஆகியவை பிற பொருள்கள். வெங்காயத்தைச் சிறிது வதக்கிச் சேர்ப்பது நன்று; பச்சையாகச் சேர்த்தால் நீர் விட்டு, வெட்டும்போது துண்டு உதிரும்.

பிசைவதில்தான் கைத்திறன் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசைந்தால் இறைச்சியப்பம் இரப்பர் போலாகிவிடும். விரல் நுனிகளால் பொருள்கள் கலக்கும் அளவிற்கு மட்டுமே புரட்டி, உடனே நிறுத்திவிட வேண்டும். இதில் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் தேர்ந்தவர்கள். அவர்களுக்கு நெடுநேரம் பிசையப் பொறுமை இராது!

திரட்டிய கட்டியை அப்படியே பானையின் அடியில் வைத்தல் ஆகாது. வேகும்போது வெளிவரும் கொழுப்பிலேயே அது மூழ்கிக் கிடக்கும். அலுமினியத் தாளை நீளமாக மடித்து, இரு வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பானையில் இட்டு, அவற்றின் மேல் தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளையும் கேரட்டையும் பரப்பி, அவற்றின்மீது கட்டியை வைக்கலாம். கொழுப்பு கீழே இறங்கும். காய்களும் அச்சாற்றில் வேகும். முடிந்தபின் வார்களைப் பிடித்துக் கட்டியை உடையாமல் தூக்கலாம். சிறிய சூட்டில் ஏறத்தாழ ஆறு மணி நேரமும், பெரிய சூட்டில் மூன்று முதல் நான்கு மணி நேரமும் ஆகும். இடையில் மூடியைத் திறந்து பார்த்தல் கூடாது. ஒருமுறை திறந்தால் இழந்த வெப்பத்தை மீண்டும் பெற இருபது நிமிடத்திற்கும் மேலாகலாம். ஆர்வத்தை அடக்குதலும் இச்சமையலில் ஒரு பகுதியே.

மென்மையான சூட்டில் ஓர் இடரும் உண்டு. அதனை மறைத்தல் நன்றன்று. முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உட்பகுதிக்கும் பரவிவிடுகின்றன. 4 பாகை செல்சியசு முதல் 60 பாகை வரை உள்ள வெப்பநிலையில் அவை விரைந்து பெருகும். ஆகவே பனிக்கட்டியாய் உறைந்த இறைச்சியைப் பானையில் இடலாகாது. உறைந்ததைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து முழுதும் இளகச் செய்தபின் பயன்படுத்த வேண்டும். வெந்துவிட்டதா என்பதை நிறத்தைக் கொண்டு அறிய முடியாது. கட்டியின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். 71 பாகை காட்டினால் ஆயிற்று. கோழியிறைச்சியாயின் 74 பாகை வேண்டும். வீட்டில் எவரும் இல்லாதபோது மின்சாரம் நின்றுபோயிருப்பது தெரிந்தால், உணவு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதனைக் கொட்டிவிடுவதே அறிவுடைமை. அவரை வகைகளை இப்பானையில் சமைப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சிவப்பு இராஜ்மா அவரையில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. ஊறவைத்தபின் பத்து நிமிடமாவது தனியே கொதிக்கவைத்த பிறகே அதனைப் பானையில் இட வேண்டும். மென்சூடு மட்டும் அந்நஞ்சை முறிக்காது.

ஆறு மணி நேரத்தில் வேகும் உணவு, ஒன்பது மணி நேரம் கழித்து வருபவர்க்காக எவ்வாறு காத்திருக்கும்? முற்காலப் பானைகளில் இதற்கு விடையில்லை. காய்ந்துபோன ஓரங்களைத் தின்றே அக்காலத்துக் குடும்பங்கள் பழகியிருக்க வேண்டும். நேரக்கட்டுப்பாடு உள்ள இன்றைய பானைகள், வெந்து முடிந்ததும் தாமாகவே இளஞ்சூட்டுக்கு மாறி, 60 பாகைக்குக் குறையாமல் உணவைக் காக்கின்றன.

முறுகல் விரும்புவோர்க்கு மென்சூட்டுப் பானை ஏமாற்றமே தரும். மூடிய கலத்தின் ஈரத்தில் மேற்புறம் சிவக்காது. வெளுத்த நிறமே எஞ்சும். அதனால்தான் அமெரிக்கர் அரைக் கோப்பைத் தக்காளிச் சாஸில் இரண்டு மேசைக்கரண்டி பழுப்புச் சீனியும் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் கலந்து மேலே பூசுகின்றனர். கட்டியை ஒரு தட்டத்திற்கு மாற்றி, பூச்சைத் தடவி, ஓவனின் மேல்சூட்டில் நான்கைந்து நிமிடம் வைத்தால் பளபளக்கும். மண்கலத்தோடு அங்கே வைத்தல் ஆகாது, வெடித்துவிடும். ஓவனில் நேரே சமைத்த இறைச்சியப்பத்தின் சுவை சற்று உயர்ந்தது என்பதே நடுநிலையான தீர்ப்பு. பானையில் சமைத்தது ஈரப்பதத்திலும், வீட்டாரைக் காத்திருந்து வரவேற்பதிலும் விஞ்சி நிற்கிறது.

மாட்டிறைச்சி விலக்கிய தமிழ் இல்லங்களில் ஆட்டிறைச்சியையோ கோழியையோ கொத்தி இதே முறையில் செய்யலாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்க்க விரும்புவோரைத் தடுக்க எந்த அமெரிக்கரும் வரப்போவதில்லை. ஆனால் கோழியில் கொழுப்பு குறைவாதலால், பாலில் ஊறிய ரொட்டியைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெந்த கட்டியை வெளியே எடுத்ததும் வெட்டிவிடக்கூடாது. பத்து நிமிடம் அது ஓய்ந்து கிடக்க வேண்டும். அதற்குள் சாறு உள்ளேயே அடங்கும், துண்டும் உதிராது. அந்தப் பத்து நிமிடத்தில் தட்டுகளைப் பரப்பலாம். கைகழுவ மறுக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். அலுவலகத்திலிருந்து வந்தவள் காலணியைக் கழற்றி நாற்காலியில் சாயலாம். பின்னர் ஒரு விரல் பருமனில் வெட்டி, மசித்த உருளைக்கிழங்கோடு பரிமாறுவர்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு நாள்வரை கெடாது. திரும்பச் சூடாக்க விரும்பினால் அடுப்பில் சூடாக்க வேண்டுமேயன்றிப் பானையில் அன்று. அது மிக மெதுவாகவே சூடேறும். ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் பலர் அதனைச் சூடாக்கவே விடுவதில்லை. குளிர்ந்த துண்டு உறுதியாக, வெட்டுவதற்கு எளிதாக இருக்கும். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே அதனை வைத்து, கொஞ்சம் கடுகு விழுது தடவி, பள்ளிக்கு எடுத்துச் செல்வர். அதனை அடுக்கி முடிக்க ஐந்து நிமிடம் போதும். பத்து வயதுப் பிள்ளையே செய்துகொள்ளலாம்.